ஃபேக்டோரியலைப் பகா அடுக்குகளாகப் பங்கு போட்டால்: 0.8094 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலக மாடியில் கணக்குப் பேச ஒரு பத்துப் பேர் கூடுவோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், இரண்டு இன்ஜினியரிங் மாணவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர். மூன்று வாரம் தொடர்ந்து அல்லாடி–கிரின்ஸ்டெட் மாறிலியைப் பற்றிப் பேசினோம். நான்காவது வாரமும் அதே சந்தேகங்கள், வாட்ஸாப்பிலும் அதே சந்தேகங்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

குறியீடுகளைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருக்கிறேன். ந என்பது ஏதோ ஒரு இயல் எண், ப என்பது பகா எண். மடக்கை என்று வரும் இடமெல்லாம் இயல் மடக்கை, அதாவது 2.71828… அடிமானம் கொண்டது.

முதல்ல சுருக்கமா சொல்லுங்க சார், இந்த 0.8094 என்ன எண்?

ந! என்ற எண்ணைச் சரியாக ந காரணிகளின் பெருக்கமாக எழுத வேண்டும். ஒவ்வொரு காரணியும் பகா அடுக்காக இருக்க வேண்டும். இப்படிப் பல வழிகளில் எழுதலாம். அவற்றில், இருப்பதிலேயே சிறிய காரணி எவ்வளவு பெரிதாக இருக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வரும் வழியைத் தேடுகிறோம். அந்தச் சிறிய காரணியைக் கீழ்வரம்பு என்று அழைக்கிறேன்.

ந பெரிதாகிக்கொண்டே போகும்போது இந்தக் கீழ்வரம்பு ந-இன் ஒரு குறிப்பிட்ட அடுக்கைப் போல நடந்துகொள்கிறது. அந்த அடுக்கின் எல்லை மதிப்புதான் 0.80939402… கிருஷ்ணசுவாமி அல்லாடியும் சார்லஸ் கிரின்ஸ்டெட்டும் 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்த எண் என்பதால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஃபேக்டோரியல் தெரியும். பகா அடுக்குன்னா எது எது?

ஒரே ஒரு பகா எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி வருவது. 7, 8, 9, 16, 25, 121 எல்லாம் பகா அடுக்குகள். 6 ஆகாது, 12 ஆகாது. அவற்றில் இரண்டு பகா எண்கள் கலந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் காரணியப் பெருக்கம் என்று போட்டிருப்பதைத்தான் இங்கே ஃபேக்டோரியல் என்கிறேன். வகுப்பில் எல்லோர் வாயிலும் அதுதான் வருகிறது.

10!-ஐ வெச்சே செஞ்சு காட்டுங்களேன்.

10! = 3628800 = 2⁸ × 3⁴ × 5² × 7. இதைப் பத்துப் பகா அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். 7 ஒன்று, 5 இரண்டு: மூன்று காரணி கிடைத்தாயிற்று. மீதி ஏழும் எட்டு 2-களிலிருந்தும் நான்கு 3-களிலிருந்தும் வர வேண்டும். 2-களை இரண்டிரண்டாகக் கட்டினால் நான்கு 4 கிடைக்கும். 3-களை 3, 3, 9 என்று கட்டினால் மூன்று. ஆக 3, 3, 9, 4, 4, 4, 4, 5, 5, 7. பெருக்கிப் பாருங்கள், 3628800 வரும். சிறிய காரணி 3.

எல்லாமே 4-க்குக் குறையாமல் இருக்குமாறு செய்ய முடியுமா? 3-ஐத் தனியாக விட முடியாது, 9 ஆக்க வேண்டும்; அப்போது 3-களிலிருந்து இரண்டுதான். 2-களிலிருந்து நான்கு, 5-உம் 7-உம் சேர்ந்து மூன்று. மொத்தம் ஒன்பது. ஒன்று குறைகிறது. எனவே 10-இன் கீழ்வரம்பு 3.

ஏன் சரியா ந காரணின்னு பிடிவாதம்?

ந! பிறக்கும்போதே ந எண்களின் பெருக்கமாகத்தான் பிறக்கிறது: 1 × 2 × 3 × … × ந. அந்தப் பங்கீட்டில் ஒருவனுக்கு 1, ஒருவனுக்கு ந. தலைக்கட்டு எண்ணிக்கையை மாற்றாமல் சொத்தை மறுபடி பங்கு போட்டால், ஆகக் குறைவாக வாங்குபவனுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும்? இதுதான் கேள்வி. காரணிகளின் எண்ணிக்கையை நம் இஷ்டத்துக்குக் குறைக்கலாம் என்றால் ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டுப் போய்விடலாம், கணக்கே இருக்காது.

1-ஐ ஒரு காரணின்னு எடுத்துக்கலாமா? ஒரே காரணி பல தடவை வரலாமா?

1 கூடாது. திரும்ப வரலாம், மேலே 4 நான்கு முறை வந்ததே. 1 கூடாது என்பதால் 2!-க்கும் 3!-க்கும் இந்தக் கணக்கு கிடையாது: 3! = 2 × 3, மூன்று காரணிக்கு வழியில்லை. 4! = 2 × 2 × 2 × 3 என்பதிலிருந்து தொடங்குகிறது.

100!-க்கு இதைக் கையால போட முடியுமா? அந்த எண்ணே 158 இலக்கமாச்சே?

முடியும். அந்த 158 இலக்கத்தைப் பார்க்கவே வேண்டாம், பகா எண்களின் அடுக்குகள் போதும். லெஜாந்தர் வழி: 100-க்குள் 7-இன் மடங்குகள் 14, 49-இன் மடங்குகள் 2, ஆக 100!-இல் 7-இன் அடுக்கு 16. இதேபோல 2-க்கு 97, 3-க்கு 48, 5-க்கு 24, 11-க்கு 9, 13-க்கு 7, 17-க்கும் 19-க்கும் ஐந்தைந்து, 23-க்கு 4, 29-க்கும் 31-க்கும் மும்மூன்று, 37, 41, 43, 47-க்கு இரண்டிரண்டு, 53 முதல் 97 வரையுள்ள பத்துப் பகா எண்களுக்கு ஒவ்வொன்று.

இப்போது கீழ்வரம்பு 17 என்று வைத்துப் பாருங்கள். 2-ஐ 32 ஆக்க வேண்டும், ஐந்தைந்தாகக் கட்டினால் 97-இலிருந்து 19 கட்டு. 3-ஐ 27 ஆக்கினால் 16. 5-ஐ 25 ஆக்கினால் 12. 7-ஐ 49 ஆக்கினால் 8. 11-இலிருந்து 121 ஆக 4, 13-இலிருந்து 169 ஆக 3. கூட்டினால் 62. பதினேழும் அதற்கு மேலுள்ள பகா எண்களும் அப்படியே நிற்கலாம்: அவை 38. மொத்தம் 100. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டில் மிஞ்சிய இரண்டு 2, ஒரு 11, ஒரு 13 ஆகியவற்றை அதே பகா எண்ணின் வேறொரு கட்டோடு சேர்த்துவிடலாம். பெரிதானால் யாருக்கும் நஷ்டமில்லை. 18-க்குப் போனால் 17-ஐயும் 289 ஆக்க வேண்டும், ஐந்து இரண்டாகச் சுருங்கும், மொத்தம் 97. போதாது. எனவே 100-இன் கீழ்வரம்பு 17.

முதல் தடவை கரும்பலகையில் இதைப் போட்டபோது 7-இன் அடுக்கை 14 என்று எழுதிவிட்டேன். 49-இன் மடங்குகளை விட்டுவிட்டேன். 49 எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தது, மொத்தம் 99. "17 ஆகாது, 16தான்" என்று தைரியமாகக் கோடு போட்டு முடித்தேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தாள். 158 இலக்க எண்ணில் ஒரே ஒரு 49 தவறினால் விடை மாறுகிறது.

நான் புரோகிராம் எழுதிப் பார்த்தேன். 100-க்கு 0.615தான் வருது. எங்க தப்பு?

தப்பே இல்லை. அடுக்கு என்பது கீழ்வரம்பின் மடக்கையை ந-இன் மடக்கையால் வகுத்தது. 17-இன் மடக்கை 2.8332, 100-இன் மடக்கை 4.6052, வகுத்தால் 0.615. எந்த அடிமானத்தில் மடக்கை எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. 10-க்கு 0.477, 20-க்கு 0.537, 1000-க்கு 0.694. (20-க்குக் கீழ்வரம்பு 5. அங்கேயும் சரியாக இருபது கட்டு விழுகிறது, மிச்சம் ஒன்றுகூட இல்லை: ஆறு 8, நான்கு 9, நான்கு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம்.)

0.8094 எல்லை மதிப்பு. அதை நோக்கிய நடை மிக மெது. 0.8094-இலிருந்து மேலே உள்ள மதிப்புகள் எவ்வளவு குறைகின்றனவோ, அதை ந-இன் மடக்கையால் பெருக்கிப் பார்த்தேன் (10, 20, 100, 1000 என்ற வரிசையில்): 0.765, 0.815, 0.894, 0.795. எல்லாம் 0.75-க்கும் 1-க்கும் இடையிலேயே நிற்கின்றன. அதாவது குறைபாடு, மடக்கையின் தலைகீழைப் போலத்தான் சுருங்குகிறது. மடக்கை இரட்டிப்பாக ந-ஐ வர்க்கப்படுத்த வேண்டும். லேப்டாப்பை ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் 0.80 கண்ணில் படாது. வழியில் ஏற்ற இறக்கமும் உண்டு: 4-க்கும் 5-க்கும் கீழ்வரம்பு 2-தான், அடுக்கோ 0.5-இலிருந்து 0.43-க்கு இறங்குகிறது.

0.8094ன்னா 80.94 சதவீதம்னு எடுத்துக்கலாமா?

கூடாது. கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இது பங்கு அல்ல, அடுக்கு. ஒரு லட்சம் கோடியை, அதாவது 1-க்குப் பின் 12 பூஜ்யங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 80.94 சதவீதம் 80,940 கோடி. அதன் 0.8094-ஆம் அடுக்கு சுமார் 516 கோடிதான், அரை சதவீதத்தை ஒட்டி. முந்தைய பதிலில் சொன்ன குறைபாட்டையும் சேர்த்தால் உண்மையான கீழ்வரம்பு இன்னும் கீழே இருக்கும். ந வளர வளர இந்தச் சதவீதம் பூஜ்யத்தை நோக்கிப் போகும். அடுக்கு மட்டும் 0.8094-ஐ நோக்கி ஏறும்.

சரி, அந்த எண் எங்கேருந்து முளைக்குது? நிரூபணம் வேண்டாம், காரணம் சொல்லுங்க.

1000!-இன் கணக்கு வழக்கைப் பார்ப்போம். இதன் கீழ்வரம்பு 121. 127 முதல் மேலே உள்ள பகா எண்கள் தனியாகவே நிற்கும்: அவற்றிலிருந்து 291 காரணிகள். 11 முதல் 113 வரை உள்ளவை இரண்டிரண்டாகக் கட்டுப்படும்: 334. 5-உம் 7-உம் மும்மூன்றாக: 137. 3 ஐந்தைந்தாக, 243 ஆகி: 99. 2 ஏழேழாக, 128 ஆகி: 142. கூட்டுத்தொகை 1003. தேவை 1000, மூன்று கட்டுகளை உள்ளுக்குள் இணைத்துவிடலாம். 122-க்குப் போனால் 11-ஐ மூன்று மூன்றாகக் கட்ட வேண்டியதாகி, 986-க்கு விழுந்துவிடுகிறது.

இதையே பொதுவாகச் சொல்வோம். ந!-இல் ப என்ற பகா எண் ஏறத்தாழ ந/ப முறை வருகிறது. கீழ்வரம்பு ந-இன் "அ" அடுக்கு என்று வையுங்கள். அதற்கு மேலுள்ள பகா எண்கள் தனியாக நிற்கும். அவை தரும் காரணிகள் ந × (1/ப-க்களின் கூட்டல்). 1874-இல் மெர்டென்ஸ் காட்டியபடி, பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டினால் மடக்கையின் மடக்கையைப் போல வளரும். ந-இன் அ அடுக்கிலிருந்து ந வரை கூட்டினால் கிடைப்பது 1/அ-இன் மடக்கை. அடுத்த வட்டம், இரண்டிரண்டாகக் கட்டுபவை: அ-இல் பாதி அடுக்கிலிருந்து அ அடுக்கு வரை. தலைகீழ்களின் கூட்டல் 2-இன் மடக்கை. இரண்டாகக் கட்டுவதால் பாதி. மூன்றாம் வட்டம், 3/2-இன் மடக்கையில் மூன்றில் ஒரு பங்கு. நான்காவது, 4/3-இன் மடக்கையில் கால் பங்கு. கவனியுங்கள், இந்த உள் வட்டங்கள் எதிலும் அ இல்லை. எல்லாம் வெறும் எண்கள். அவை அத்தனையும் கூட்டினால் 0.7885305659…

மொத்தம் ந காரணி வேண்டும். ந-ஆல் வகுத்துவிட்டால்: 1/அ-இன் மடக்கை + 0.78853 = 1. அதாவது 1/அ-இன் மடக்கை 0.21147. அ என்பது 2.71828-இன் (−0.21147) அடுக்கு, 0.80939. அவ்வளவுதான். மீதி எல்லாம் "ஏறத்தாழ" என்று நான் தள்ளிவிட்ட பிழைகள் உண்மையில் ந-ஐ விடச் சிறியவை என்று காட்டும் உழைப்பு.

இதை வைத்து 1000-ஐ மறுபடி பாருங்கள். கோட்பாட்டின்படி தனியாக நிற்பவை ஆயிரத்துக்கு 211, இரண்டாகக் கட்டுபவை 347, மூன்றாகக் கட்டுபவை 135. நமக்கு வந்தது 291, 334, 137. உள் வட்டங்கள் இரண்டும் இவ்வளவு சின்ன எண்ணிலேயே ஒட்டி வருகின்றன. தனியாக நிற்பவைதான் இன்னும் நிறையக் குறைய வேண்டும்.

2-தான் எல்லாத்தையும் விட அதிகமா வருது. அப்புறம் கடைசிக் கணக்குல 2-க்குத் தனி மரியாதையே இல்லைன்னா எப்படி?

நல்ல கேள்வி, வங்கிக்காரர் கேட்டது. 2-இன் மொத்த அடுக்கு ஏறத்தாழ ந. ஆனால் கீழ்வரம்பை எட்ட எத்தனை 2-ஐக் கட்ட வேண்டும் என்பதும் ந-ஓடு வளர்கிறது. 100-க்கு ஐந்து, 1000-க்கு ஏழு, லட்சம் கோடிக்கு முப்பதுக்கு மேல். அதனால் 2 தரும் காரணிகளின் பங்கு 19 சதவீதம், 14 சதவீதம், பிறகு சுமார் 3 சதவீதம் என்று கரைந்துகொண்டே போகிறது. எந்த ஒரு பகா எண்ணைத் தனியாகப் பிடித்தாலும் இதே கதைதான். கூட்டமாக மட்டும்தான் அவற்றுக்கு எடை.

அந்தக் கரைதல் மடக்கையின் தலைகீழ் வேகத்தில் நடக்கிறது. 0.615 வந்ததே என்று மேலே கேட்டவருக்கும் இதுவே ஒரு பதில்: 2, 3, 5 ஆகியவை இன்னும் கரைந்து முடியவில்லை.

0.78853-ஐக் கால்குலேட்டர்ல எப்படி வர வைக்கிறது? கூட்டிக்கிட்டே போனா முடியவே மாட்டேங்குது.

வட்டம் வட்டமாகக் கூட்டினால் முடியாதுதான். ஆயிரம் உறுப்பு கூட்டினாலும் 0.7875-இல்தான் நிற்பீர்கள், இன்னும் வர வேண்டியது ஆயிரத்தில் ஒன்று. மடக்கைகளைத் தொடராக விரித்து, கூட்டும் வரிசையை மாற்றிப் போடுங்கள். 1/4 + 1/9 + 1/16 + … என்ற வர்க்கத் தலைகீழ்களின் கூட்டல் 0.644934, இது பையின் (3.14159…) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கிலிருந்து 1-ஐக் கழித்தது. அதை 1-ஆல் வகுங்கள். 1/8 + 1/27 + … கனங்களுக்கு 0.202057, 2-ஆல் வகுங்கள். நான்காம் அடுக்குகளுக்கு 0.082323, 3-ஆல் வகுங்கள். இப்படியே. முதல் மூன்றிலேயே 0.7734 வந்துவிடும், இருபது உறுப்பில் ஏழு தசமம் உறுதியாகிவிடும்.

0.809ன்னா தங்க விகிதத்துல பாதிதானே? எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு.

தங்க விகிதத்தின் பாதி 0.809017, 36 பாகையின் கோசைனும் அதுதான். நம் எண் 0.809394. மூன்று தசமம் ஒத்துப்போய் நான்காவதில் பிரிந்துவிடுகிறது. உறவு ஒன்றும் இல்லை, முகச்சாயல் மட்டும். மூன்று தசமத்தோடு நிறுத்தினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

அந்த 0.78853 வேற எங்கேயாவது வருதா?

வருகிறது, அதுவும் எதிர்பாராத இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணைத் தொடுங்கள். அதன் தலைகீழை எடுத்து, தசமப் பகுதியை வெட்டி எறியுங்கள். பாதி தடவை 1 வரும், ஆறில் ஒரு தடவை 2, பன்னிரண்டில் ஒரு தடவை 3. இப்படிப் பல முறை செய்து, கிடைத்த முழு எண்களின் மடக்கைகளுக்குச் சராசரி எடுத்தால் அது 0.78853-ஐ நோக்கிப் போகும். அதாவது அந்த எண்களின் பெருக்குச் சராசரி 2.2001-ஐ நோக்கி. கூட்டுச் சராசரிக்கோ எல்லையே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். கூட்டல் வரிசையைக் கொஞ்சம் மாற்றி அடுக்கினால் இரண்டும் ஒரே தொடர் என்பது தெரியும்.

அல்லாடின்னா நம்ம மயிலாப்பூர் அல்லாடி குடும்பமா?

அதே குடும்பம்தான். தாத்தா அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர். தந்தை அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். மேட்சயன்ஸ் என்றால் பழைய ஆட்களுக்கு உடனே புரியும். கிருஷ்ணசுவாமி, விவேகானந்தா கல்லூரியில் இளநிலை படிக்கும்போதே தன் கணக்குகளை ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷுக்கு எழுதி அனுப்பினார். கல்கத்தா வந்திருந்த ஏர்டிஷ், ஆஸ்திரேலியா போகும் வழியை மாற்றிக்கொண்டு 1975 ஜனவரியில் இந்த மாணவனைப் பார்க்கச் சென்னைக்கு வந்தார். பிறகு அல்லாடி லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸிடம் ஆய்வு செய்து 1978-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஸ்ட்ராஸ் இளமையில் ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர். நாம் பேசும் கட்டுரை அந்த மாணவப் பருவத்தில் வந்தது.

பகா அடுக்குங்கிற நிபந்தனையை எடுத்துட்டா என்ன ஆகும்?

அப்போது கீழ்வரம்பு வெகுவாக உயர்கிறது. ஸ்டர்லிங் வாய்பாட்டின்படி ந காரணிகளின் பெருக்குச் சராசரி ஏறத்தாழ ந/2.71828. சிறிய காரணி சராசரியைத் தாண்ட முடியாது. ஆகவே உச்சபட்சம் ந-இல் சுமார் 36.8 சதவீதம். அந்த உச்சத்தை நெருங்க முடிகிறது என்பதுதான் செய்தி. லட்சம் கோடியை வைத்துப் பாருங்கள்: உச்சம் சுமார் 36,788 கோடி, பகா அடுக்குக் கணக்கிலோ 516 கோடிகூட இல்லை. 2-ஐயும் 3-ஐயும் கலந்து கட்ட அனுமதி இருந்தால், தேவையான அளவுக்கு வெகு அருகில் மூட்டை கட்டலாம். அனுமதி இல்லாவிட்டால், 1000!-இல் பார்த்ததுபோல, 113-ஐ 12769 ஆக்க வேண்டியிருக்கிறது, 121 போதும் என்ற இடத்தில். வீணாவது அங்கேதான்.

இந்தக் கணக்கின் வரலாறு கொஞ்சம் சோகமானது. ஏர்டிஷ், செல்ஃப்ரிட்ஜ், ஸ்ட்ராஸ் மூவரும் அதற்கு நிரூபணம் வைத்திருந்தார்கள், ஆனால் வெளியிடவில்லை. 1983-இல் ஸ்ட்ராஸ் இறந்துபோனார். மற்றவர்களால் அந்த நிரூபணத்தைத் திரும்பக் கட்ட முடியவில்லை. 1998-இல் ரிச்சர்ட் கையும் செல்ஃப்ரிட்ஜும் இதைப் பற்றி எழுதிச் சில யூகங்களை வைத்தார்கள். 2025-இல்தான் டெரன்ஸ் டாவும் உடன் உழைத்தவர்களும் முழுமையாக முடித்தார்கள். கீழ்வரம்பை ந-ஆல் வகுத்தால் 0.3679-இலிருந்து, 0.3044-ஐ ந-இன் மடக்கையால் வகுத்த அளவு குறைவாக வரும் என்று துல்லியமாகக் காட்டினார்கள். ந 43632-ஐ எட்டிவிட்டால் கீழ்வரம்பு எப்போதும் ந-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. 43631-க்கு அது பொருந்தாது. டாவ் 2006-இல் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு பெற்றவர். கும்பகோணத்தில் வழங்கப்படும் அந்தப் பரிசின் குழுத் தலைவர் அல்லாடி.

ரெண்டுல எது கஷ்டம்?

கணக்கிட்டுப் பார்க்க, நிபந்தனை இல்லாதது கஷ்டம். பகா அடுக்கு மட்டும் என்றால் 2-இன் கட்டு 3-இன் கட்டைத் தொடாது. ஒவ்வொரு பகா எண்ணையும் தனித்தனியாக வகுத்துக் கூட்டினால் விடை. அதனால்தான் 100-ஐக் கரும்பலகையில் போட முடிந்தது. கலக்கலாம் என்றதும், எதை எதோடு கட்டினால் மிச்சம் குறையும் என்று தேடும் மூட்டை கட்டும் புதிராகிவிடுகிறது. கணினி அறிவியலில் அந்த வகைப் புதிர்களுக்குத் தனிக் குடும்பமே உண்டு.

இதனால என்ன பயன்?

கடையில் காட்டி வாங்க ஒன்றுமில்லை. கேட்ட பையனே அடுத்த வாரம் 200-க்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

வீட்டுல போட்டுப் பார்க்க ஒரு எண் குடுங்க, விடையும் சொல்லிடுங்க.

50. அடுக்குகளைத் தருகிறேன்: 2-க்கு 47, 3-க்கு 22, 5-க்கு 12, 7-க்கு 8, 11-க்கு 4, 13-க்கு 3, 17, 19, 23-க்கு இரண்டிரண்டு, 29 முதல் 47 வரை ஆறு பகா எண்களுக்கு ஒவ்வொன்று. விடை 9, அப்போது 51 கட்டு விழும், ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு 10 வந்தால், 10 பகா அடுக்கே இல்லை. 11 வந்தால் பெரும்பாலும் 3-ஐ 9 ஆகவே விட்டிருப்பீர்கள். 9-ஐத் தாண்டியதும் அதை 27 ஆக்க வேண்டும், பதினோரு கட்டு ஏழாகிவிடும், மொத்தம் 47.